மைனாக்களுக்கு ஒரு பெரட்டு

லிங்கி
18 பிப்ரவரி 2024

குமுதவல்லிக்கு உன் அண்ணி பஞ்சாலை எழுதுவது.

சுகம் கேட்டு எழுதவில்லை. உன் அண்ணனுடைய பதினொரு நோட்டுப் புத்தகங்களையும் திருப்பி அனுப்பிவிடு. அதற்காகத்தான், ஆறாம் வகுப்பை விட்ட பிறகு முதல் தடவையாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் கேட்கலாமே என்பாய். போனில் உன் எண்ணை நான் அடைத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீ பாதியில் குறுக்கே வருவாய், நான் அழுதுவிடுவேன், கேட்க வந்தது நின்றுபோகும். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளே போனாய். அவர் படத்துக்குக் கீழே நான் அடுக்கி வைத்திருந்த நோட்டுகளை எடுத்து உன் பெட்டியில் வைத்தாய். என்னவென்று கேட்டேன். "இது என் ஆராய்ச்சி, அண்ணி. அண்ணன் எனக்காக எழுதினது" என்றாய். "அப்படின்னா இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத" என்றேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் நோட்டு என்னுடையது.

அவர் எஸ்டேட் மண்டோர். இருபத்தாறு வருஷம் விடியற்காலையில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தவர். அவர்களைச் செம்பனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல், முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பழைய ஆயக்கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, நீ படம் வரைந்து கொடுத்த அந்தத் தீனிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மைனா வந்ததா, எத்தனை வந்தது, பெட்டி திறந்ததா. இதை எழுத அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. தங்கச்சி கேட்டாள் என்று எழுதினார்.

அவர் சட்டைகளைத் துவைத்துவிட்டேன். இப்போது அதில் சோப்பு வாசம்தான் வருகிறது. அவர் கை பட்டு மிச்சம் இருப்பது அந்த நோட்டுகள் மட்டும்தான்.

அனுப்பிவிடு.

பஞ்சாலை


இங்கிலாந்து
5 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நோட்டுகளை இப்போது அனுப்ப முடியாது. அவை சான்றுகள். நவம்பரில் என் வாய்மொழித் தேர்வு முடியும்வரை மூலப்பிரதி என்னிடம் இருக்க வேண்டும். இது என் விதி இல்லை, இங்குள்ள விதி.

நான் என்ன செய்கிறேன் என்று அண்ணனிடம்தான் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை. சில பறவைகளுக்கு உடம்பின் அளவுக்கு மூளை பெரிதாக இருக்கிறது, சிலவற்றுக்குச் சிறிதாக இருக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி. அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்டையோடுகளில் சின்னக் கண்ணாடி மணிகளைக் கொட்டி நிரப்பி, பிறகு அந்த மணிகளை அளக்கிறேன். மூளை இருந்த இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நூற்றுப்பதினேழு வகைப் பறவைகளை அளந்துவிட்டேன். பெரிய கூட்டத்தில் வாழும் பறவைக்குத்தான் மூளை பெரிதாக இருக்கும் என்று நம்பினேன். நாற்பது பேரோடு பழக அறிவு வேண்டும் இல்லையா? அதைக் கண்ணால் பார்க்கத்தான் எஸ்டேட்டில் அந்தப் பெட்டி.

இரண்டும் தோற்றுவிட்டன, அண்ணி. மண்டையோட்டிலும் கூட்டத்துக்கும் மூளைக்கும் பொருத்தம் வரவில்லை. அண்ணன் எழுதிய கணக்கிலும் அப்படித்தான். பத்து மைனா வந்த நாளும் நாற்பது வந்த நாளும் ஒன்றுதான். சில நாள் பெட்டி திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. என் ஆய்வேட்டிலிருந்து எஸ்டேட் பகுதியையே எடுத்துவிடச் சொல்கிறார் பேராசிரியர். அண்ணனின் மூன்று வருஷமும் ஒரு வரிகூட இல்லாமல் போகும். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

நோட்டுகளின் பின்பக்கங்களில் அண்ணன் எஸ்டேட் ஆள்களின் பெரட்டுக் கணக்கு எழுதியிருக்கிறார். அது எனக்குத் தேவைப்படாது. அவர் கையெழுத்தையாவது பார்க்கலாம் என்று முதல் நோட்டின் பின்பக்கங்களைப் படியெடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

குமுதவல்லி


லிங்கி
28 மார்ச் 2024

குமுதவல்லிக்கு,

நான்கு மாதத்தில் நேற்றுத்தான் சிரித்தேன். பக்கத்து வீட்டு ராக்கம்மா பயந்துபோய் ஓடிவந்தாள்.

நீ அனுப்பிய தாளில் இருக்கிறதை அப்படியே எழுதுகிறேன்: "மாயாண்டி, ராக்கம்மா. முழு நாள். லோரி ஆள்கள் நாற்பது பேர். சத்தம் மட்டும், வேலை இல்லை. தேவதாஸ், பெட்ரிசியா. அரை நாள். காலையிலேயே சண்டை."

இது எஸ்டேட் பெரட்டு என்று எப்படி நினைத்தாய்? எஸ்டேட் பெரட்டைப் பேனாவால் எழுதி ஐந்தாறு வருஷம் ஆகிறது. எல்லாம் போனில்தான் அழுத்துகிறார்கள். மாயாண்டி முட்டி வலியோடு வேலையை விட்டு எட்டு வருஷம். தேவதாஸ் நீலாயில் தொழிற்சாலைக் காவலுக்குப் போகிறார். இவர்களுக்கு உன் அண்ணன் எதற்குப் பெரட்டு எடுக்கிறார்? பதின்மூன்று வயதில் ஹாஸ்டலுக்குப் போன பிள்ளை நீ, லயத்து வீடுகளில் யார் என்ன செய்கிறார்கள் என்று உனக்கு எங்கே தெரியும்.

அதெல்லாம் மைனா.

நீ சிரம்பான் பையன்களோடு வந்து கால்களில் கலர் வளையம் மாட்டிவிட்டுப் போனாய். வளையத்தின் நிறத்தையும் நம்பரையும் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. மண்டோருக்கு ஆள் என்றால் பேர் வேண்டும். அதனால் லயத்து ஜோடிகளின் பேரை வைத்துக்கொண்டார். எந்த இரண்டு எப்போதும் ஒன்றாக வருகிறதோ, அதற்கு ஒரு புருஷன் பெண்சாதி பேர். ஜோடி இல்லாமல், லோரியில் கொண்டுவந்து இறக்குகிற ஒப்பந்தக் கூலிகள் மாதிரி மொத்தமாக வந்து இறங்குகிற கூட்டத்துக்கு லோரி ஆள்கள் என்று பேர். நீ கேட்டதை முன்பக்கம் எழுதினார். அவர் பார்த்ததைப் பின்பக்கம் எழுதினார். நீ கேட்டதை மட்டும் படித்தாய்.

பொம்பளை மைனா ஆம்பளை மைனாவைக் கொத்தி ஓரமாக நிறுத்துகிறதைப் பார்த்துத்தான் ராக்கம்மா பேர் வைத்ததாகச் சாப்பிடும்போது சொல்லுவார். நேற்று அவளிடம் அதைச் சொன்னேன். "என்னப் பாத்தா மைனா மாதிரியா இருக்கு?" என்று இடுப்பில் கை வைத்தாள். உள்ளேயிருந்து மாயாண்டி அண்ணன், "மைனா இவ்ளோ பேசாதுலா" என்றார்.

எந்த வளையம் மாயாண்டி, எந்த வளையம் தேவதாஸ் என்று நோட்டில் எங்கேயும் இருக்காது. அவர் தலையில் இருந்தது. இப்போது என் தலையில் இருக்கிறது. வேண்டுமானால் நோட்டை அனுப்பு.

பஞ்சாலை


இங்கிலாந்து
14 ஏப்ரல் 2024

அண்ணி,

இன்று சித்திரைப் புத்தாண்டு. இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

பத்து நோட்டுகளை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பேராசிரியர் படியெடுத்து வைத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார். கேட்டிருந்தால் முன்பே ஒப்புக்கொண்டிருப்பார். நான் கேட்கவே இல்லை. விதி என்று உங்களிடம் சொன்னது பாதிப் பொய். பதினாறு நாளும் நான் அழவில்லை, அதைக் கவனித்திருப்பீர்கள். எல்லோரும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். வெறுங்கையோடு விமானம் ஏற முடியவில்லை. அதனால் எடுத்தேன்.

பதினோராவது நோட்டு என்னிடம் இருக்கிறது. அதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. கையில் கொண்டுவந்து தருகிறேன், நீங்கள் வரச் சொன்னால்.

இப்போது மற்றது. பின்பக்கங்களை எல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். அண்ணி, முழு நாள் என்று அவர் எழுதியது எல்லாம் ஜோடிகளுக்குத்தான். லோரி ஆள்களுக்கு ஒரு முழு நாள்கூட இல்லை. நான் மூன்று வருஷமாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் என்பதே தப்பான கேள்வி. யாரோடு, எத்தனை நாளாக என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் பேராசிரியர் ஒன்று சொன்னார். இந்தப் பேர்களை விளக்கிச் சொல்ல எழுதியவர் இல்லை. இன்னொருவர் அதே பெட்டியை நாற்பது காலை பார்த்து, அண்ணனின் கணக்கைப் பார்க்காமலே தனியாக எழுத வேண்டும். இரண்டும் பொருந்தினால் எஸ்டேட் பகுதி நிற்கும், பொருந்தாவிட்டால் போய்விடும். ஆகஸ்டு முடிவதற்குள் வேண்டும். நான் ஜூலை வரை இங்கே வகுப்பு எடுக்க வேண்டும்.

உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

குமுதா


லிங்கி
6 மே 2024

குமுதாவுக்கு,

பத்து நோட்டும் வந்து சேர்ந்தது. நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. பார்க்காமல் எழுத வேண்டும் என்கிறாயே. நீ முதலில் அனுப்பிய தாளையும் சேர்த்து ராக்கம்மாவிடம் கொடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது. நான் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஆயக்கொட்டகைக்குப் பின்னால் போனேன். நவம்பருக்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். லாலான் புல் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. பெட்டிக்குள் எறும்புப் புற்று. வெந்நீர் ஊற்றிக் கழுவி, கீலுக்கு எண்ணெய் போட்டேன். பலகை நன்றாக இருக்கிறது. அந்தப் பலகை எதிலிருந்து அறுத்தது என்று எனக்குத் தெரியும். அதை இப்போது எழுத மாட்டேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று நீ படம் போட்டவள், உனக்குத் தெரியும். எனக்கு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரு மைனா இந்தப் பக்கம் பலகையில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் மூடி திறக்கிறது. இறங்கினால் மூடிக்கொள்கிறது. நிற்கிறதுக்குத் தீனி எட்டாது. அடுத்தது தின்னும்வரை அது பசியோடு நிற்க வேண்டும். தின்றது வந்து பலகையில் நின்றால்தான் முதல் மைனா தின்ன முடியும். இரண்டும் தின்றால் முழு நாள். ஒன்று தின்றுவிட்டுப் பறந்துவிட்டால் அரை நாள். வராவிட்டால் மட்டம்.

பப்பாளியும் அவித்த முட்டையும் வைத்துவிட்டு ஒன்பது காலை உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை மாதம் யாரும் தீனி வைக்காத இடத்துக்கு அவை எதற்கு வரும்? பத்தாம் நாள் லோரி ஆள்கள் வந்தார்கள், முப்பத்திரண்டு. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூடியைக் கொத்திவிட்டுப் போய்விட்டார்கள். நேற்று பதினோராம் நாள், இடது கால் மஞ்சள் ஒன்று கூரையில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னாலேயே வலது கால் மஞ்சள். மாயாண்டியும் ராக்கம்மாவும்.

ராக்கம்மா பலகையில் ஏறினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாயாண்டி தின்றது. இறங்கி வந்து பலகையில் நின்றது. அவள் தின்றாள்.

நேற்றிலிருந்து நாற்பது எண்ணுகிறேன். இடது பச்சை தேவதாஸ், வலது பச்சை பெட்ரிசியா. இதோடு என் தலையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். பேரம் முடிந்தது.

பஞ்சாலை


இங்கிலாந்து
22 மே 2024

அண்ணி,

ஒரு சந்தேகம். நோட்டுகளில் மூன்றாவதாக ஒரு ஜோடி இருக்கிறது. முதல் நோட்டில் இல்லை, இரண்டாவதிலிருந்து வருகிறது. அதன் வளையத்தை நீங்கள் எழுதவில்லை. எந்தப் பேர் என்று நான் சொன்னால் அண்ணனின் கணக்கைச் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பேராசிரியரிடம் கேட்டேன். பேரை மட்டும் சொல்லலாம் என்றார்.

குணாளன், பஞ்சாலை.

அண்ணன் தன் பேரையும் உங்கள் பேரையும் வைத்தது உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

குமுதா


லிங்கி
15 ஜூலை 2024

குமுதாவுக்கு,

எனக்குத் தெரியாது. ஊரில் இருக்கிற ஜோடிகளைப் பற்றி எல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்ன மனுஷன், இதை மட்டும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகவில்லை.

நாற்பது காலை முடிந்தது. தாள்களைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். இருபத்து மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அன்றைக்கு எனக்கு நானே மட்டம் என்று எழுதி, கடைசியில் ஒரு நாள் கூட்டிப் பார்த்துவிட்டேன். அதையும் உன் பேராசிரியரிடம் சொல்லிவிடு. இல்லாததை இருந்தது என்று எழுதவில்லை.

மாயாண்டி, ராக்கம்மா முப்பத்தாறு காலை வந்தார்கள். முப்பத்தொன்று முழு நாள், ஐந்து அரை நாள்.

சிவப்பு வளையம் போட்ட ஜோடி ஒன்று இருபத்தொன்பது காலை வந்தது. இருபத்தேழு முழு நாள். இந்த ஜோடி வேறு மாதிரி. பொம்பளை சீக்கிரம் பலகையில் ஏறாது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரும், ஆம்பளையைப் பார்த்துக் கத்தும், பலகையைக் கொத்தும். அது பாட்டுக்குக் கத்தட்டும் என்று ஆம்பளை மூடிக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கும். பிறகு இது ஏறும். ஏறினால் அது வயிறு நிறைகிறவரை இறங்காது. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், இது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குமுதா, இதைக் கேள். அவர் பேர் வைத்த மைனா இன்னும் வேலைக்கு வருகிறது. நான் போகிறவரை ஐந்து மாதம் ஆள் இல்லை, தீனி இல்லை. இருந்தும் இரண்டும் பிரியவில்லை.

லோரி ஆள்கள் முப்பத்தெட்டு காலை வந்தார்கள். மூன்று காலைதான் அவர்களுக்குப் பெட்டி திறந்தது. அதுவும் தேவதாஸால். பெட்ரிசியா மைனா இப்போது இல்லை, என்ன ஆனது என்று தெரியவில்லை. தேவதாஸ் தனியாகக் கூட்டத்தோடு வருகிறது. பழக்கத்தில் ஏறிப் பலகையில் நிற்கிறது. மூடி திறக்கிறது, கூட்டம் தின்றுவிட்டுப் பறந்துவிடுகிறது. மாறி நிற்க ஒன்றும் வராது. அது கொஞ்ச நேரம் பலகையிலேயே நிற்கும், பிறகு இறங்கும். மற்ற நாளில் ஏறுவதே இல்லை. வித்தை அதற்கு மறக்கவில்லை. ஆள்தான் இல்லை. இதை எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

நான் படிக்காதவள், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் இருக்கிறதுக்கு மூளை வேண்டாம். அடுத்தவன் பறந்தால் நீயும் பற, அவ்வளவுதான். கூட்டத்தில் யார் போனாலும் கூட்டம் இருக்கும். ஒரே ஆளோடு வருஷக்கணக்காக இருக்கிறதுக்குத்தான் மூளை வேண்டும். இன்றைக்கு அவர் முகம் ஏன் இப்படி இருக்கிறது, பேசலாமா, விட்டுவிடலாமா, நேற்று நான் நின்றேன், இன்றைக்கு அவர் நிற்பாரா. இருபத்தெட்டு வருஷம் இதே வேலைதான் எனக்கு. மண்டைக்குள் எத்தனை மணி கொட்டினாலும் நிரம்பாது.

உன் மண்டையோடுகளை எடுத்து வைத்து, எது ஒரே ஜோடியோடு காலம் தள்ளுகிறது என்று பிரித்துப் பார்.

பஞ்சாலை


இங்கிலாந்து
30 செப்டம்பர் 2024

என் அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் நாற்பது காலைகளை அண்ணனின் மூன்று வருஷத்தோடு வைத்துப் பார்த்தோம். மாயாண்டி ஜோடி வந்த பத்து நாளில் எட்டு, ஒன்பது நாள் முழு நாள் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். உங்களுடையதும் அப்படியே. சிவப்பு ஜோடிக்கு இன்னும் நெருக்கம். லோரி ஆள்களுக்கும் அதே. ஒருவரை ஒருவர் கேட்டு எழுதியது போல இருக்கிறது என்றார் பேராசிரியர். ஒருவர் இறந்த பிறகு மற்றவர் எழுதியது என்று நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நீங்கள் சொன்னதைச் செய்தேன். கூட்டம் பெரிதா சிறிதா என்பதை விட்டுவிட்டு, நூற்றுப்பதினேழு வகைகளையும் வேறு மாதிரி பிரித்தேன். வருஷத்துக்கு ஒரு துணையைத் தேடுகிறவை ஒரு பக்கம். ஒரே துணையோடு பல வருஷம் இருக்கிறவை ஒரு பக்கம். இரண்டு நாள் நான் தூங்கவில்லை, தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி மறுபடி பார்த்தேன். தப்பு இல்லை, அண்ணி. ஒரே துணையோடு இருப்பவற்றின் மண்டையில் மணிகள் அதிகம் பிடிக்கின்றன. காக்கை, கிளி வகைகள் மேலே வந்து நிற்கின்றன. ஆயிரமாகச் சேர்ந்து பறந்து, ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமலே பிரிகிறவை கீழே கிடக்கின்றன. மூன்று வருஷமாகச் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரு கோடாக ஏறின.

எஸ்டேட் பகுதியை எடுக்கச் சொன்னவர், இப்போது அதை முதலில் வைக்கச் சொல்கிறார். பார்த்து எழுதியவர்கள் என்று முதல் பக்கத்தில் இரண்டு பேர் அச்சாகிறது: குணாளன், பஞ்சாலை.

நவம்பர் 14 தேர்வு. அண்ணனின் முதல் வருஷத் திதிக்கு வர டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை. பதினோராவது நோட்டை நான் முழுவதும் படித்துவிட்டேன். அதன் கடைசிப் பக்கம் உங்களுக்கு எழுதியது. பதினாறாம் நாள் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன். ஐந்து மாதமாகத் தெரிந்தும் எழுதாமல் இருந்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வாசப்படி மிதிக்கலாமா?

குமுதா


லிங்கி
9 அக்டோபர் 2024

டிக்கெட் வாங்கு.

அண்ணி


இங்கிலாந்து
14 நவம்பர் 2024

அண்ணி,

இது உங்கள் கைக்கு வருமுன் நானே வந்துவிடுவேன். இருந்தாலும் கடிதமாகவே சொல்ல ஆசை. தேறிவிட்டேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் என்னை வறுத்தெடுத்தார். கடைசியாக, இந்தப் பஞ்சாலை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று கேட்டார். ஆறாம் வகுப்பு, லிங்கி தமிழ்ப்பள்ளி என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தனக்குக் காய்ச்சல் வந்த நாளை மட்டம் என்று எழுதியிருக்கிற ஒரே ஆராய்ச்சிக் குறிப்பை இன்றுதான் பார்க்கிறேன், இதைவிட நம்பிக்கையான சான்று எனக்கு வேண்டாம் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பதினாறு நாளுக்கும் சேர்த்து.

டாக்டர் குமுதவல்லி (ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்)


லிங்கி
9 டிசம்பர் 2024

குமுதாவுக்கு அண்ணி எழுதுவது.

நீ போய் நாலு நாள் ஆகிறது. ஊறுகாய் பாட்டிலைச் சமையலறை ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மாயாண்டி அண்ணன் லயத்தில் ஒருவரை விடாமல் பிடித்து, தன் பேர் இங்கிலாந்தில் அச்சாகியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். "மைனா பேர்தான்யா அது" என்று ராக்கம்மா சொன்னால், "மைனாவுக்கு யார் பேரு வச்சாங்க?" என்கிறார்.

பதினோராவது நோட்டை நீ இருக்கும்போது நான் பிரிக்கவில்லை. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியின் பழைய பலகை போன வருஷத் தீபாவளி மழையில் உளுத்துப்போனது. அவர் வீட்டில் வேறு மரம் தேடாமல், என் மணைப்பலகையை எடுத்து அறுத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணத்தன்று உட்கார்ந்த மணை. கேட்டதற்கு, "நல்ல பலா மரம், மழைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை தேநீர் போட்டு வைக்காமல் படுத்துக்கிடந்தேன். அவர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பதினொரு மணிக்குச் செம்பனை வரிசையில் விழுந்துவிட்டார் என்று வந்து சொன்னார்கள்.

ஒரு வருஷமாக அந்தக் கதவுச் சத்தம்தான் என் காதில் இருந்தது.

கடைசிப் பக்கத்தை உனக்கு எழுத வேண்டியதில்லை, நீ படித்திருக்கிறாய். இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

"21 நவம்பர். புதுப் பலகை, இரண்டாம் நாள். மாயாண்டி, ராக்கம்மா முழு நாள். பஞ்சாலை முதலில் ஏறவில்லை. பலகையைக் கொத்தினாள். அவளுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும். நான் காத்திருந்தேன். பிறகு ஏறினாள், குணாளன் தின்று முடிக்கும்வரை இறங்கவில்லை. முழு நாள். வீட்டில் இன்னும் பேசவில்லை. இன்று சாயங்காலம் பேசுவாள். அவள் அதிகம் தாங்க மாட்டாள், எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது, குமுதா. தேநீர் குடிக்காமல் போன காலையிலும் தெரிந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் நான் பேசியிருப்பேன்தான். அதற்காக அவருக்குப் பிடித்த கருவாட்டை ஊறவைத்திருந்தேன்.

இந்த நோட்டை மட்டும் அலமாரியில் வைக்கவில்லை. இன்னும் முப்பத்திரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறது. வீணாக்க எனக்கு மனசில்லை. அடுத்த மூன்று வருஷத்துக்கும் பார்த்து எழுத ஆள் வேண்டும் என்று போகும்போது சொன்னாயே, அதற்கு நீ சிரம்பான் பையன்கள் யாரையும் கேட்க வேண்டாம். ஆள் இருக்கிறது.

இன்று காலை எழுதியதை உனக்கும் அனுப்புகிறேன்.

9 டிசம்பர். மழை விட்டது. லோரி ஆள்கள் முப்பத்தைந்து, சத்தம் மட்டும். மாயாண்டி, ராக்கம்மா முழு நாள். தேவதாஸ் பலகையில் ஏறியது. வளையம் இல்லாத புதுசு ஒன்று தின்றுவிட்டுப் பறக்கப் பார்த்தது, பிறகு என்ன நினைத்ததோ, பலகைப் பக்கம் பாதி தூரம் வந்து திரும்பிவிட்டது. அரை நாள். இன்னும் பேர் வைக்கவில்லை, நாளைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

குணாளன், பஞ்சாலை. முழு நாள்.